பென் டிரைவும் நச்சு நிரல்களும்

பெருவிரல் அளவேயுள்ள பென் டிரைவ் ஒரு சிறு நூலகத்தையே தன்னுள் அடக்கவல்லது. ஆயினும், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் கட்டுரையை அச்சிடுவதற்காக அதனைக் கடையிலுள்ள கணிப்பொறியில் பொருத்திய சில வினாடிகளுக்குள், பல்லாண்டு உழைப்பு முழுவதும் பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும். வைரஸ் எனப்படும் நச்சு நிரலே இதற்குக் காரணமாகும்.

மலேரியாவைச் சுமந்து செல்லும் கொசு அந்நோயால் வாடுவதில்லை. பென் டிரைவின் நிலையும் அத்தகையதே. அதில் தங்கியுள்ள நிரல் தானாக எதுவும் செய்ய இயலாது. கணிப்பொறியொன்று அதனை இயக்கும்போதே தீங்கு தொடங்குகிறது. எனவே, அவ்வியக்கத்தைத் தடுப்பதே பாதுகாப்பின் அடிப்படை.

பழைய விண்டோஸ் கணிப்பொறிகள், 'ஆட்டோரன்' என்னும் சிறு கோப்பைப் படித்து, அது குறிப்பிடும் நிரலைத் தாமாகவே இயக்கவோ, இயக்குமாறு பயனரைத் தூண்டவோ செய்தன. 2008-இல் தோன்றிய கான்ஃபிக்கர் இவ்வழியையும் பயன்படுத்திப் பரவிற்று. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டோ, கோப்புறையைத் திறந்து பார்த்த அளவிலேயே தொற்றிற்று. இதற்கு இடமளித்த குறைக்கு அவ்வாண்டிலேயே திருத்தம் வெளியிடப்பட்டது. 2011-இல் பழைய பதிப்புகளிலும் பென் டிரைவுக்கான ஆட்டோரன் வசதி நிறுத்தப்பட்டது. இத்திருத்தங்களை ஏற்காத கணிப்பொறிகளுக்கு இவற்றால் பயனில்லை. ஆதலால், கணிப்பொறியை அவ்வப்போது புதுப்பித்தல் இன்றியமையாதது.

மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. நச்சு நிரல் உண்மையான கோப்புறைகளை மறைத்து, அதே பெயர்களில் ஷார்ட்கட் எனப்படும் குறுக்குவழிகளை வைத்துவிடுகிறது. அவற்றைச் சொடுக்குபவர் தம் கையாலேயே நிரலை இயக்கிவிடுகிறார். இந்நிலையில் பதற்றமுற்றுப் பென் டிரைவை ஃபார்மட் செய்தல் தவறு. மறைக்கப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளால் நச்சு நிரலை நீக்கியபின் அவற்றை வெளிப்படுத்திக்கொள்ளலாம்.

பிறர் கணிப்பொறிக்குக் கோப்புகளைக் கொண்டு செல்ல, எழுதுதலைத் தடுக்கும் பொத்தானுடைய பென் டிரைவ் சிறந்தது. பொத்தானை இட்டுவிட்டால் கணிப்பொறி அதனைப் படிக்கலாம்; எதையும் எழுத இயலாது. அத்தகைய பொத்தான் இல்லையெனில், அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் தனியொரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுதல் நலம். திரும்பியதும் வைரஸ் சோதனை செய்த பின்னரே அதனைத் திறத்தல் வேண்டும்.

அலுவலகங்களில் அனுமதியற்ற பென் டிரைவ்களைத் தடுப்பதற்கென, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'யு.எஸ்.பி. பிரதிரோத்' என்னும் மென்பொருளை 2017-இல் இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் அறிமுகப்படுத்தியது.

எக்காப்பும் முழுமையானதன்று. அரிய கோப்புகளின் படியொன்றை வேறிடத்தில் வைத்திருப்பவரே இழப்பினின்றும் தப்புவர்.