சுகாதார நிலையக் கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும்?

கிராமத்திற்கு மருத்துவரும் மருந்தும் வந்து சேர்ந்துவிட்டால் போதும், மற்றவை தாமே நடைபெறும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நோயாளி படுத்திருக்கும் அறைக்கும் அவர் குணமடைவதற்கும் தொடர்பு உண்டு என்பதை அதிகமாக நினைப்பதில்லை. நன்கு அமைந்த கட்டடம் நோய் தீரத் துணை செய்யும். தவறாக அமைந்த கட்டடம் நோயைப் பரப்பவும் கூடும். இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அறிந்திருத்தல் நலம்.

இதை நாம் காலந்தாழ்த்தியே கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுகாதார நிலையத்தின் வரைபடம் நம் மேசைக்கு வந்தது. மதிப்பீட்டுத் தொகையை மட்டும் சரிபார்த்து ஒப்பமிட்டோம். வேறெதற்கும் உதவாது என்று கருதப்பட்ட நிலமே அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டடம் எழுந்த பிறகுதான் குறைகள் புலப்பட்டன. ஜன்னல்கள் அனைத்தும் மேற்கு நோக்கி இருந்தமையால் பிற்பகல் வெயில் கட்டில்களின் மீதே விழுந்தது. பிரசவ அறையின் கதவு, ஆண்கள் காத்திருக்கும் தாழ்வாரத்தை நோக்கித் திறந்தது. உடன் வந்தவர்கள் உட்கார இடமில்லை. பிள்ளை பெற்ற தாய்மார்கள், மருத்துவர் அனுமதிக்கும் முன்பே வீட்டிற்குச் சென்றுவிட விரும்பினர். அவர்களுடைய அறியாமையே காரணம் என்று முதலில் நாம் நினைத்தோம். ஒரு நாள் பிற்பகல் அங்கே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்த பிறகுதான், குறை அவர்களிடம் இல்லை என்பதை உணர்ந்தோம்.

இவ்வுண்மையை உலகிற்கு முதலில் வலியுறுத்தியவர்களுள் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முக்கியமானவர். கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டில், துருக்கியிலிருந்த ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர் சென்றார். அங்கே போர்க் காயங்களால் மாண்டவர்களைக் காட்டிலும் தொற்றுநோயால் மாண்டவர்களே அதிகம். 1855-இல் ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்திற்கும் வழி செய்தது. அதன் பின்னர் மரணங்கள் விரைந்து குறைந்தன. அந்த அனுபவத்தைக் கொண்டு 1859-இல் அம்மையார் ஆஸ்பத்திரிக் கட்டடங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு கட்டில்களுக்கு ஒரு ஜன்னலாவது வேண்டும், எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்கள் இருக்க வேண்டும் என்பன அவர் கூறிய விதிகள்.

காற்றோட்டத்தின் அவசியத்தைப் பிற்கால ஆராய்ச்சியும் உறுதி செய்துள்ளது. பெரு நாட்டின் லிமா நகரிலுள்ள எட்டு ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. 1950-க்கு முன்பு உயர்ந்த கூரையுடனும் பெரிய ஜன்னல்களுடனும் கட்டப்பட்ட பழைய வார்டுகளில், பின்னர் கட்டப்பட்ட அறைகளைவிடக் காற்று நன்றாக மாறியது. க்ஷயரோகம் காற்றின் வழியே பரவுவது. ஆகவே காற்று தேங்கும் அறை அபாயமானது.

உடலுக்குக் காற்று எப்படியோ, மனத்திற்குக் காட்சியும் அப்படியே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை ரோஜர் உல்ரிக் என்பவர் ஒப்பிட்டு, 1984-இல் வெளியிட்டார். பாதிப் பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரங்களைக் கண்டவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வுதான். மரம் மருந்திற்கு ஈடாகாது. எனினும் நோயாளியின் துன்பம் சற்றுக் குறையுமாயின், ஒரு வேப்பங்கன்று நடுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

இதற்கெல்லாம் பணக்கார நாடாக இருக்க வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டில், புடாரோ என்னும் மலைக் கிராமத்தில், 2011-இல் 140 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. உள்ளூர் எரிமலைக் கல்லைக் கொண்டு உள்ளூர் மக்களே உழைத்துக் கட்டினர். நோயாளிகள் அடைந்த நடைவழிகளில் நெருங்கிக் காத்திருப்பதால் நோய் பரவும் என்று, நடைவழிகளைத் திறந்த வெளியில் அமைத்தனர். வார்டின் நடுவே குட்டையான சுவர் எழுப்பி, அதை ஒட்டிக் கட்டில்களின் தலைமாட்டை வைத்தனர். ஆகவே, ஒவ்வொரு நோயாளியும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தவாறு படுத்திருக்கலாம்.

நம் பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை இவை. வெள்ளம் தேங்காத மேட்டு நிலத்தை, குப்பைமேட்டிற்கும் இரைச்சலுக்கும் விலகிய இடத்தில் ஒதுக்க வேண்டும். கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்பொழுது ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைக்கலாம். தென்றல் உட்புகும், மேற்கு வெயில் தாக்காது. படுத்திருப்பவர் கண்ணுக்கு வெளிப்புறம் தெரியுமாறு ஜன்னல் தாழ்வாக இருக்கட்டும். கொசு வலையும் வேண்டும். பிரசவ அறை மறைவாகவும், கழிப்பறை அதன் அருகிலேயும் அமைய வேண்டும். உடன் வருவோர்க்கு நிழலில் திண்ணையும், நடக்க இயலாதவர்க்குச் சரிவுப் பாதையும் தேவை. இவற்றுள் பல அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினாலே போதும். கட்டி முடித்த பின்னரோ சுவரை இடிக்க வேண்டும்.

ஆகவே, நிலம் ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன், அங்கத்தினர்கள் ஒரு கயிற்றுக் கட்டிலுடன் அவ்விடத்திற்குச் செல்வார்களாக. வரைபடத்தில் உள்ளபடி சுண்ணாம்புத் தூளால் அறைகளைக் குறித்து, பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டிலைப் போட்டு ஒருவர் படுத்துப் பார்க்கட்டும். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, கண்ணுக்கு எது தெரிகிறது என்பன விளங்கிவிடும். ஊரின் பிரசவம் பார்க்கும் மூதாட்டிகளையும், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார்களையும் உடன் அழைத்துச் சென்று அவர்கள் கருத்தைக் கேட்டல் மிகவும் நன்று. அன்று நாம் கேட்கத் தவறியது அவர்களைத்தான்.