பாஸ் போட்டால் விளக்கு எரியணும்

பிலிம் சுருள் ஓடிய காலத்திலேயே தியேட்டர் விளக்குகள் தானாக அணையும் ஏற்பாடு வந்துவிட்டது. பிலிமின் ஓரத்தில் சின்னதாக ஓர் உலோகத் தாளை ஒட்டிவிடுவார்கள். அது சென்சாரைக் கடக்கும் நொடியில் அரங்கின் விளக்குகள் மங்கத் தொடங்கும். படம் முடிகிற இடத்தில் ஒட்டியிருக்கும் இன்னொரு தாள் அவற்றை மறுபடி ஏற்றிவிடும். டிஜிட்டல் சர்வர்கள் வந்த பிறகு, தாள் செய்த வேலையை பிளேலிஸ்ட்டில் எழுதிவைக்கும் 'கியூ' செய்கிறது. நம் ஊர்ப் பழைய தியேட்டர்களில் பெரும்பாலும் ஆபரேட்டரின் கைதான் இதையெல்லாம் செய்தது. முதல் வரிசை விசிலுக்கு ஏற்ப அவர் விளக்கை அணைத்த அழகு வேறு!

வீட்டில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்கள் ஸ்பீக்கருக்கும் திரைக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். விளக்கு விஷயத்தில் மட்டும் சுவிட்ச் போர்டில் நான்கு பட்டன், ஸ்ட்ரிப் லைட்டுக்குத் தனி ரிமோட் என்று விட்டுவிடுகிறார்கள். படம் ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் எழுந்துபோய் அணைக்க வேண்டும். அவர் இருட்டில் தடவித் தடவித் திரும்பி வருவார்.

இந்த வேலையை மென்பொருளிடம் விட நினைப்பவர்கள் அதிகம் நாடுவது ஹோம் அசிஸ்டன்ட். பவுலுஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-ல் ஆரம்பித்த இலவச ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. சூரியன் மறைந்ததும் வீட்டு விளக்கை ஏற்ற அவர் எழுதிய சின்ன நிரல்தான் இதன் விதை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும், வீட்டுக்குள்ளேயே ஓடும். இன்டர்நெட் போனாலும் அந்தந்த சாதனங்கள் வீட்டு நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் வரை வேலை நிற்காது. சினிமா அறைக்கு இது முக்கியம். விளக்கை மங்க வைக்கச் சொல்லும் கட்டளை கடல் கடந்து ஏதோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புவதற்குள் டைட்டில் கார்டு முடிந்துவிடும்.

கோடி, பிளெக்ஸ் போன்ற பிளேயர்கள், ஆண்ட்ராய்டு டிவி எல்லாமே தாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோமா, நிற்கிறோமா, சும்மா இருக்கிறோமா என்று ஹோம் அசிஸ்டன்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த நிலை மாறுவதுதான் இங்கே உலோகத் தாள். 'ஓடுகிறது' என்று மாறினால் விளக்கை நான்கு நொடியில் படிப்படியாக இறக்கு, அவ்வளவுதான். யாரும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அப்படிச் செய்தவர்களில் பலர் அடுத்த வாரமே அதை நிறுத்தியும் விடுகிறார்கள். காரணம், இருட்டாக்குவது சுலபமான பாதி. தொல்லை முழுவதும் வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருவதில் இருக்கிறது.

ஓடிடி படங்களில் 'இடைவேளை' என்று எழுத்து வந்தாலும் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் இடைவேளை என்பது யாரோ ஒருவர் பாஸ் போடும் நேரம்தான். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க. அப்போது அறை முழுக்கப் பளீரென்று எரிந்தால் இருட்டுக்குப் பழகிய கண் கூசும். எரியாவிட்டால் டீப்பாயில் கால் இடிக்கும். நடைபாதைப் பக்கம் இருக்கும் ஸ்ட்ரிப் லைட் மட்டும் 15, 20 சதவீதம் ஏறினால் போதும். 'பாஸ்' என்று வந்தவுடனேயும் ஏற்றக் கூடாது. ஒரு வசனம் புரியவில்லை என்று பத்து நொடி பின்னால் தள்ளும்போது பல பிளேயர்கள் ஒரு கணம் நின்று, பஃபர் ஆகி, மறுபடி ஓடும். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்து அணைந்தால் அது கல்யாண மண்டப சீரியல் செட். இரண்டு மூன்று நொடி அதே நிலையில் இருந்தால் மட்டும் ஏற்று என்று ஒரு வரி சேர்த்தால் தொல்லை தீர்ந்தது.

என்ன ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாமியார் ஏழரை மணி சீரியல் போட்டதும் அறை குகையாகிவிட்டால், வீட்டில் ஆட்டோமேஷனின் ஆயுள் அன்றோடு முடிந்தது. கோடியும் பிளெக்ஸும் ஓடுவது படமா, தொடரா என்பதைச் சேர்த்தே சொல்லும். அந்தத் தகவல் வராத பிளேயர் என்றால் புரொஜெக்டரைக் கவனிக்கலாம். மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கில் அதை மாட்டினால், எத்தனை வாட் இழுக்கிறது என்பதிலேயே ஓடுகிறதா, தூங்குகிறதா என்று தெரிந்துவிடும். அளப்பதற்கு மட்டும்தான் அந்த பிளக். லாம்ப் சூடாக இருக்கும்போது அதை வைத்து புரொஜெக்டரை அணைத்தால், ஃபேன் ஓடி லாம்ப் ஆறுவதற்கு வழியில்லை.

எவ்வளவு மங்க வேண்டும்? கண் கணக்கு வேறு, எண் கணக்கு வேறு. ஒளியின் அளவை 18 சதவீதத்துக்குக் குறைத்தால்தான் கண்ணுக்கு அது ஏறக்குறைய பாதியாகத் தெரியும். அதனால் 50 சதவீதம் வைத்துவிட்டு 'மங்கவே இல்லையே' என்று பல்பைக் குறை சொல்ல வேண்டாம். மலிவான எல்இடிகள் அடிமட்டத்தில் மினுங்கவும் செய்யும், வாங்குமுன் மங்க வைத்துப் பார்ப்பது நல்லது.

டிவி என்றால் முழு இருட்டே வேண்டாம். தியேட்டர் திரையின் வெண்மைக்கு நிர்ணயித்த அளவு 48 நிட்ஸ் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு). இன்றைய நல்ல எச்டிஆர் டிவிகள் ஆயிரத்தைத் தொடுகின்றன. கரிய இருட்டில் அதைப் பார்த்தால் கண் களைத்துப்போகும். எச்டிஆர் பார்க்கும் அறைக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் பரிந்துரை, திரையைச் சுற்றிய பின்னணி 5 நிட்ஸ், பகல் வெண்மையில், அதாவது சுமார் 6500 கெல்வின். டிவிக்குப் பின்னால் ஒரு வெள்ளை ஸ்ட்ரிப் அதைச் செய்துவிடும். படத்தின் நிறத்துக்கேற்பச் சுவரில் நிறம் மாறும் விளக்குகள் எனக்கு ஒத்துவராது. ஒளிப்பதிவாளர் வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்த நிறத்தைச் சுவர் குழப்பிவிடுகிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், இருக்கட்டும். புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. திரைமேல் விழும் எந்த ஒளியும் கறுப்பைச் சாம்பலாக்கும்.

நம் வீட்டு வயரிங்கில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்மார்ட் பல்பைப் போட்டுவிட்டால், பழக்கதோஷத்தில் யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். பல்புக்குக் கரண்ட்டே இல்லை, மென்பொருள் என்ன செய்யும்? ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் பல்பாக இருந்தால் அது வழியாகப் பேசிக்கொண்டிருந்த மற்ற சாதனங்களும் தடுமாறும். சுவிட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ரிலே அல்லது டிம்மர் மாட்யூல் வைத்துவிட்டால் பாட்டி பழையபடி சுவிட்சைத் தட்டலாம், ஆட்டோமேஷனும் கெடாது. அதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் ஒயர் வேண்டும். பிளக் பாயின்ட் இருக்கும் போர்டில் நியூட்ரல் இருக்கும். லைட் சுவிட்ச் மட்டும் உள்ள சின்னப் பெட்டியில் பல வீடுகளில் இருக்காது. ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால் கூடுதலாக ஓர் ஒயர்தான் செலவு, பிறகு சொன்னால் சீலிங்கை உடைக்க வேண்டும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் கடையிலிருந்து வருகின்றன. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தால் காலி அறை ஜெகஜோதியாகிவிடும். 'பழைய நிலைக்குத் திரும்பு' என்ற அமைப்பு இருக்கிறதா என்று செயலியில் தேடி மாற்றிவிடுங்கள். ராஸ்பெர்ரி பை, வைஃபை ரவுட்டர், நடைபாதை ஸ்ட்ரிப் மூன்றும் சில வாட் சாப்பிடுபவை, அவற்றை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடலாம். கிளைமாக்ஸில் கரண்ட் போனால் புரொஜெக்டரின் ஸ்மார்ட் பிளக் நெட்வொர்க்கிலிருந்து மறையும். அதையே ஒரு சமிக்ஞையாக எடுத்துக்கொண்டு ஸ்ட்ரிப்பை ஏற்றச் சொல்லி எழுதிவைத்தால், கதவு எந்தப் பக்கம் என்று யாரும் செல்போன் டார்ச்சைத் தேட வேண்டியதில்லை.