விண்ணுடையும் மறைவெப்பமும்

விண்வெளியிற் செல்வோர்க்குக் குளிரே பெரும்பகை என்பது பலர் கொண்ட எண்ணம். உண்மை வேறு. வெப்பத்தைக் கடத்திச் செல்லும் காற்று ஆங்கு இல்லை. ஆதலின் உழைக்கும் உடலில் எழும் வெப்பம், சுடுநீர்ப் போத்தலில் அடைபட்ட சூடு போல, உடையினுள்ளேயே தங்கிவிடும். 1966 ஆம் ஆண்டு யூன் மாதம் ஜெமினி 9ஏ கலத்தினின்றும் வெளிவந்த யூஜின் சேர்ணன், வாயுவோட்டத்தால் மட்டுமே குளிர்விக்கப்பெற்ற உடையில் வியர்த்துக் களைத்தார். தலைக்கவசக் கண்ணாடியில் நீராவி படியப் பார்வை மறைந்து, பணியை இடைநிறுத்தித் திரும்பினார்.

அப்பலோ வீரரின் முதுகுச் சுமையாகிய உயிர்காப்புத் தொகுதியை ஆக்கிய ஹமில்ற்றன் ஸ்ராண்டேட் என்னும் அமெரிக்கக் கொம்பனி நீரின் துணையை நாடியது. உள்ளாடையிற் பின்னிய நுண்குழாய்களில் ஓடும் நீர் உடற்சூட்டை வாங்கி வரும். பிறிதொரு நீர், நுண்டுளைகளையுடைய உலோகத் தகட்டிற் கசிந்து, வெற்றிடத்தை அடைந்ததும் பனிக்கட்டியாய் உறையும். அப்பனி, குழாய்நீர் கொணர்ந்த சூட்டை ஏற்றுப் பதங்கமாகி வெளியேறும். சூடு மிகின் பனி விரைந்து கழியும். குறையின் மெல்லக் கழியும். கரியமில வாயுவை இலிதியம் ஐதரொட்சைட்டு உறிஞ்சும்.

1969 இல் சந்திரனில் நடந்தோரைக் காத்தது இம்முறையே. வியர்வை உலர உடல் குளிர்வதும் இவ்விதியின்பாற்பட்டதே. மாணவர் வகுப்பறையில் மறைவெப்பம் எனக் கற்பது, ஆங்கு ஓர் உயிரின் காவலாய் நின்றது.