பட்டமும் பணியும்: டிராம்பே காட்டும் வழி

பட்டதாரிகளிடம் பாட அறிவு இருப்பினும், வேலை அளிப்போர் நாடும் செயல்திறன் போதிய அளவில் இல்லை என்னும் குறை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. இக்குறையைப் போக்க, மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயிலும் மாட்டுங்காவிலும் செய்யப்பட்ட இரு முயற்சிகள் ஆசிரியர்கள் அறியத்தக்கவை.

டிராம்பேயில் அணுசக்தி ஸ்தாபனம் 1954-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. 1956 ஆகஸ்டில் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியது. மேற்கொண்டு உலைகளைக் கட்டி இயக்குவதற்கு விஞ்ஞானிகளும் எஞ்சினீயர்களும் பெருந்தொகையில் தேவைப்பட்டனர். தேர்ந்த ஆட்கள் தாமாக வந்து சேர்வர் என்று டாக்டர் ஹோமி பாபா காத்திருக்கவில்லை. 1957-இல் அங்கேயே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது.

அதன் முறை எளிது. தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆராய்ச்சிக்கூடங்களில் பணிபுரியும் விஞ்ஞானிகளே பாடம் நடத்துகின்றனர். பௌதிகம் பயின்றவர் உலைப் பொறியியலின் அடிப்படைகளையும், எஞ்சினீயர் அணுக்கருப் பௌதிகத்தையும் கற்கின்றனர். தேறியவர்கள் விஞ்ஞான அதிகாரிகளாக நியமனம் பெறுகின்றனர். 1967-இல் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் மாறிய அந்த ஸ்தாபனத்தில் இப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

எனினும், இது தன் தேவைக்கென ஒரே நிறுவனம் நடத்தும் பள்ளி, சிலருக்கே இடமளிக்கவல்லது. பல்லாயிரவருக்குக் கல்வி புகட்டும் பல்கலைக்கழகம் இதனை அப்படியே பின்பற்ற இயலாது. பல்கலைக்கழகம் செய்யக்கூடியதை மாட்டுங்கா காட்டுகிறது.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933-இல் ரசாயனத் தொழில்நுட்பத் துறையை நிறுவியபோது, ரசாயனப் பொறியியலும் துணித்தொழில் ரசாயனமுமே முதற் பாடங்களாயின. நகரின் துணி ஆலைகளுக்கு இவை நேரே பயன்படுவன. சென்னையில் பிறந்த கே. வெங்கட்டராமன் 1938 முதல் இத்துறைக்குத் தலைமை வகித்து, சாயப் பொருள்களின் ஆராய்ச்சியை வளர்த்தார். தொழிலதிபர்களின் நன்கொடைகளும் இத்துறைக்குத் துணை நின்றன. 2008-இல் இது தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

இவ்விரண்டிலும் கற்பிப்போருக்கும் தொழில் நடத்துவோருக்கும் இடையே சுவர் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். இன்றைய இயந்திரத்தை மட்டும் கற்றவர், அது மாறும்போது தடுமாறுவார். டிராம்பே பள்ளியும் அடிப்படை விஞ்ஞானத்தில் உறுதியுள்ளவரையே நாடிற்று. ஆகவே அடிப்படைப் பாடங்களைக் குறைத்துத் தொழிற் பயிற்சியைப் புகுத்துவது பயன் தராது.

சிறு கல்லூரிகளும் இவ்வழியில் சில காரியங்களைச் செய்யலாம். பாடத்திட்டக் குழுவில் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவரைச் சேர்க்கலாம். இறுதியாண்டுச் செய்முறைப் பணிக்கு அருகிலுள்ள ஆலையின் உண்மையான சிக்கல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் அதன் பயனைப் பெற்றனர். இவ்வாய்ப்பை மாணவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தல் வேண்டும்.

தத்தம் வட்டாரத்துத் தொழில்களை நன்கறிந்தவர்கள் கள ஊழியர்கள். ஆலையையும் கல்லூரியையும் அறிமுகம் செய்து வைக்கும் பணியை அவர்களே முதலில் மேற்கொள்ளலாம்.