நாலு தந்திக்கு இவ்வளவு விலையா? கிடார் கம்பெனிகள் யுகுலேலே செய்யும் கதை!

வாத்தியக் கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் கிடார்களுக்கு நடுவே ஒரு குட்டி வாத்தியம். நாலே தந்தி. பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால், பக்கத்தில் தொங்கும் பெரிய கிடாரைவிட அதிகம்! ‘இதில் பாதி மரம்கூட இல்லையே, எதற்கு இவ்வளவு பணம்?’ நல்ல யுகுலேலே வாங்கப்போகும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

நியாயமான கேள்விதான். ஆனால், விலையை முடிவு செய்வது மரத்தின் அளவு மட்டுமல்ல. பக்கப் பலகைகளைச் சூடேற்றி வளைப்பது, கழுத்தைப் பொருத்துவது, ஃபிரெட் கம்பிகளை ஒவ்வொன்றாக அடித்து இறக்கி மட்டம் பார்ப்பது, பூச்சு கொடுத்துக் காயவிட்டு மறுபடி தேய்ப்பது என வேலை எல்லாம் கிடாருக்கு உள்ள அதே வேலை. சொல்லப்போனால், சின்ன உடம்பில் வளைவு இறுக்கமாக இருப்பதால் பலகை விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். மரத்தில் மிச்சமாவது கொஞ்சம்தான்; கூலியில் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை.

இந்தக் கணக்கை கிடார் கம்பெனிகள் கற்றுக்கொண்ட கதை நூறு வருடத்துக்கும் மேல் பழையது.

1879 ஆகஸ்ட்டில், போர்ச்சுக்கல்லின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ‘ரேவன்ஸ்க்ராக்’ என்ற கப்பல் ஹவாயின் ஹொனலூலு துறைமுகத்துக்கு வந்தது. அதில் மானுவல் நூனஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சான்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊரில் ‘மஷேட்’ என்றொரு சின்னத் தந்தி வாத்தியம் உண்டு. அதை ஹவாயின் மரத்தில் செய்து விற்கத் தொடங்கினார்கள். அரசர் கலாகவுவாவுக்கு அது பிடித்துப்போனது. அரண்மனைக்குள் நுழைந்த வாத்தியம் ஊரெல்லாம் பரவாமல் இருக்குமா? ஹவாய் மொழியில் ‘உகு’ என்றால் தெள்ளுப்பூச்சி, ‘லேலே’ என்றால் துள்ளுவது. தந்திகளின் மேல் துள்ளும் விரல்களைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். அரசி லிலியுவோகலானியோ, ‘இங்கே வந்து சேர்ந்த பரிசு’ என்று அழகாகப் பொருள் சொன்னார்.

முதல் முயற்சி தோல்வி!

அமெரிக்காவில் 1833 முதல் கிடார் செய்துவரும் மார்ட்டின் கம்பெனி, 1907-ல் யுகுலேலே செய்து பார்த்தது. அந்தக் காலத்திலேயே கிடாரில் பெரிய பேர் எடுத்த கம்பெனி. ஆனால், அந்த யுகுலேலேக்கள் எடுபடவில்லை. காரணம் எளிது: அவர்கள் செய்தது குட்டி கிடார், யுகுலேலே அல்ல.

உருக்குத் தந்தி பூட்டிய ஒரு கிடாரில், ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை சுமார் 70 கிலோ. அதைத் தாங்க மேற்பலகைக்கு அடியில் வலுவான சட்டங்கள் வேண்டும், பலகையும் தடிமனாக வேண்டும். யுகுலேலேயின் நான்கு தந்திகளின் இழுவிசையோ 20 கிலோ அளவில்தான். அந்தச் சின்ன விசைக்குத் துள்ள வேண்டுமென்றால், பலகை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைக்கப்பட்டு, உள்ளே பேருக்கு ஓரிரு சட்டங்கள் மட்டும் இருக்க வேண்டும். தடிமனான ஸ்ப்ரூஸ் பலகையும் கிடாருக்கான சட்டங்களும் சேர்ந்து வாத்தியத்தின் வாயைக் கட்டிவிட்டன.

1915-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் இசையைக் கேட்ட கூட்டம் யுகுலேலேமீது பைத்தியமானது. மார்ட்டின் மறுபடி களத்தில் இறங்கியது. இந்த முறை மெல்லிய மஹோகனி, லேசான உடம்பு. 1920-களின் நடுவில் அந்தக் கம்பெனி கிடாரைவிட அதிகமாக யுகுலேலேயைத்தான் செய்துகொண்டிருந்தது. கிப்சன், ஹார்மனி, ரீகல் என்று மற்றவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள்.

சந்தோஷப்படாதவர்களும் இருந்தார்கள்: ஹவாய்க்காரர்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் செய்ததை எல்லாம் ஹவாய் வாத்தியம் என்று சொல்லி விற்றார்கள். பொறுக்க முடியாமல், ‘தாபு’ என்ற எழுத்தும் அரச சின்னமும் கொண்ட முத்திரையை ஹவாய்க்காரர்கள் தங்கள் வாத்தியங்களில் குத்தத் தொடங்கினார்கள். புவிசார் குறியீடு என்று இன்று நாம் பேசுவதன் அந்தக் காலப் பதிப்பு! பெரும் தொழிற்சாலைகளின் வேகத்துக்கு முன்னால் பல சின்னப் பட்டறைகள் நிற்க முடியவில்லை. நூனஸிடம் தொழில் பழகிய சாமுவேல் கமாகா 1916-ல் தொடங்கிய பட்டறை மட்டும் நான்கு தலைமுறையாகத் தொடர்கிறது. அன்னாசிப்பழ வடிவ யுகுலேலே அவர் யோசனைதான். அங்கே செவித்திறன் குறைந்த பணியாளர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். பலகையைத் தட்டி, விரலில் படும் அதிர்விலேயே அதன் தடிமன் சரியா என்று சொல்லிவிடுவார்களாம்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் காலம். பாரிஸின் செல்மர் கம்பெனிக்காக, ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்துப் புகழ்பெற்ற கிடாரை வடிவமைத்த மாரியோ மக்காஃபெரி, 1949-ல் பிளாஸ்டிக் யுகுலேலே கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் விற்றது. ‘இது விளையாட்டுச் சாமான்’ என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊன்றியதும் இந்தக் காலத்தில்தான். ராக் இசை வந்தபின் யுகுலேலே பரணுக்குப் போனது.

மறுபடியும் ஒரு அலை

1993-ல் வெளியான ஆல்பத்தில் இஸ்ரேல் கமகவிவோவோலே பாடிய வானவில் பாட்டு, 2006-ல் யூடியூபில் பரவிய ஜேக் ஷிமாபுகுரோவின் வாசிப்பு… இவை இரண்டும் போதுமானதாக இருந்தன. நாலு தந்தியில் இவ்வளவு செய்யலாமா என்று கிடார் வாசிப்பவர்களே வியந்தார்கள். மார்ட்டின் தன் உச்ச ரகமான ‘5கே’-வை 2006-ல் மீண்டும் கொண்டுவந்தது. விலை பல ஆயிரம் டாலர். டெக்சாஸின் காலிங்ஸ், கனடாவின் கோடின், ஃபெண்டர், கோர்டோபா என்று கிடார் உலகின் தெரிந்த பெயர்கள் எல்லாம் யுகுலேலேயில் வந்தன.

இப்போது வாங்க வருபவர் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே கிடார் தெரிந்தவர். அவர் கேட்பது வேறு. ‘சோப்ரானோ’ என்ற சின்ன ரகம் அவருடைய விரல்களுக்குப் போதாது. 17 அங்குலத் தந்தி நீளமுள்ள ‘டெனர்’ வேண்டும். மரபான யுகுலேலேயில் நாலாவது தந்தி உச்ச சுருதியில் இருக்கும். அவருக்கோ அது கிடார்போலக் கீழ் சுருதியில் வேண்டும். வீணையின் பிரடை மாதிரி வெறும் உராய்வில் நிற்கும் ஆணி வேண்டாம், பல்சக்கரம் வைத்த ட்யூனர் வேண்டும். மேடையில் வாசிக்க பிக்கப் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பன்னிரண்டாவது ஃபிரெட்டிலும் சுருதி பிசகக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் கிடார் கம்பெனிகளின் கை ஓங்கியிருக்கிறது. கிடாரில் தந்தி நீளம் சுமார் 65 சென்டிமீட்டர்; சோப்ரானோவில் 35. பிரிட்ஜ் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டால், கிடாரில் தெரிவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு பிசகு யுகுலேலேயில் கேட்கும். ஃபிரெட்டைத் துல்லியமாக வெட்டும் இயந்திரங்களும் அனுபவமும் பெரிய கிடார் பட்டறைகளில் உண்டு.

மரபான ரசிகர்களோ உதட்டைச் சுளிக்கிறார்கள். பளபளப்பான தடித்த பூச்சு, கனமான ட்யூனர், எடை கூடிய தலை… தோளில் பட்டி இல்லாமல் மார்போடு அணைத்து வாசிக்கும் வாத்தியம் இது. தலை கனத்தால் கை வலிக்கும், ஒலியும் மங்கும். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. காலிங்ஸ் போன்ற பட்டறைகள் பாராட்டு வாங்கியது, துல்லியத்தோடு இந்த லேசையும் பிடித்ததால்தான்.

மரமும் ஒரு பிரச்னை. உலகில் ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் ‘கோவா’ மரத்துக்குத்தான் மதிப்பு. அது குறைந்துகொண்டே வர, டெய்லர் கிடார் கம்பெனி 2015-ல் ஒரு மரக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஹவாயில் கோவாவை வளர்க்கும் வேலையில் இறங்கியது. கோவாவுக்குப் பதிலாகப் பயன்படும் அதன் உறவுக்கார மரமான ஆஸ்திரேலிய பிளாக்வுட், நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன சீகை மர வகைகளில் ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் உலகின் பல கிடார், யுகுலேலேக்களில் இருக்கிறது. 2017-ல் ஈட்டி வகை மரங்கள் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, வாத்தியத்தை நாடுவிட்டு நாடு அனுப்பவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல்தான் விலக்கு கிடைத்தது.

வாங்கும் முன்…

தலையில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒலித்துளைக்குள் ஒட்டியிருக்கும் சீட்டையும் படியுங்கள். மார்ட்டின் என்ற அதே பெயரில் மெக்சிகோ தொழிற்சாலையில் தயாராவதும் உண்டு, விலை வெகுவாகக் குறைவு. ஃபெண்டரின் யுகுலேலேக்கள் ஆசியத் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. அதனால் மட்டம் என்று அர்த்தமில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாமே!

முழு மரமா, ஒட்டுப் பலகையா என்று பார்க்க, ஒலித்துளையின் விளிம்பைக் கவனியுங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பின் தடிமனிலும் தொடர்ந்தால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப் பலகை. முழு மரத்தின் ஒலி இனிமை. ஆனால், பகலெல்லாம் கடற்கரை ஈரப்பதம், ராத்திரி முழுக்க ஏ.சி என்று இருக்கும் சென்னை வீட்டில் அது சுருங்கி விரிந்து விரிசல் விடலாம். பெட்டிக்குள் வைத்துப் பராமரிக்கப் பொறுமை இல்லையென்றால், நல்ல ஒட்டுப் பலகை வாத்தியமே புத்திசாலித்தனம்.

கையில் எடுத்ததும் ஒவ்வொரு தந்தியையும் திறந்து மீட்டி, பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். போனில் உள்ள ட்யூனர் செயலியே போதும். முதல் ஃபிரெட்டை அழுத்த விரல் வலித்தால், ‘நட்’ பள்ளங்களை ஆழப்படுத்தித் தரச் சொல்லுங்கள். அது சின்ன வேலை.

தந்தி மாற்ற நினைத்தால் இப்போது பலரும் விரும்புவது ஃபுளூரோகார்பன். மீன்பிடித் தூண்டில் இழையும் அதே பொருள்தான். புதுத் தந்தி இழுபட்டு நிலைக்குவர சில நாள்கள் பிடிக்கும். அதுவரை சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்!