பிறர் மனையில் நம் கடை

பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை நம் வேப்பந்தட்டை வட்டாரத்தின் செல்வங்கள். அண்டையிலுள்ள ஜெயங்கொண்டம் பகுதியிலோ கைத்தறி பலருக்குச் சோறிடுகிறது. விளைவிக்கவும் நெய்யவும் நம்மவர் நன்கு அறிவர். விற்பதில்தான் என்றும் தொல்லை.

இக்காலத்தில் சேலையையும் வெங்காயத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து, வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வாயிலாக விற்கும் வழக்கம் பெருகியுள்ளது. கடை வாடகை இல்லை, தரகும் இல்லை. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அங்கத்தினர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம்: அம்மனை யாருடையது?

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடையின் நியாயம் வேறு விஷயம். அதனையே நம்பியிருந்த சிறு வியாபாரிகள் தம் வாடிக்கைக்காரரை ஒரே இரவில் இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில், மேற்கூறிய மூன்று தளங்களும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. மூன்றுக்கும் முதலாளி ஒருவரே! முடங்காத நாட்களிலும் நம் படத்தை யார் கண்ணில் காட்டுவது என்பதை அந்நிறுவனமே தீர்மானிக்கிறது. இன்று இலவசமாய்க் காட்டியதற்கு நாளை விளம்பரக் கட்டணம் கேட்கலாம். மறுக்க நமக்கு வழி ஏது?

இந்நிலை நமக்குப் புதிதன்று. இடைத்தரகரின் பிடியினின்று நெசவாளரை மீட்கவே 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. 1999-இல் தொடங்கிய உழவர் சந்தை, விவசாயியையும் வாங்குவோரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. வாடிக்கைக்காரர் யாவர் என்பதை உற்பத்தியாளரே அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இவை தரும் பாடம்.

ஆகவே, புதிய தளங்களைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. சந்தைக்குப் போவதுபோல் அங்கே போவோம், சரக்கைக் காட்டுவோம். ஆனால் வாங்கியவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கிய பொருள் ஆகியவற்றை அவர் இசைவுடன் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைப்போம். ஒவ்வொரு பையிலும் ரசீதிலும் சங்கத்தின் விலாசத்தையும் எண்ணையும் அச்சிடுவோம். தனியொருவருக்கு இது சுமை. சங்கத்திற்கோ ஓர் எழுத்தரின் சிறு வேலை.

வரும் பொதுப் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருதல் நன்று. தளங்கள் மாறலாம், பதிவேடு நம் பெட்டியில் இருக்குமாயின் வியாபாரம் நிலைக்கும்.