‘ஓ’ போல இருக்கும், ‘ஓ’ அல்ல

1952 மே மாத ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சின்னக் குறிப்பு வெளிவந்தது. எழுதியவர்கள் ஏழு பேர். அவர்கள் பேசியதோ மூன்றே மூன்று மனிதர்களின் ரத்தத்தைப் பற்றி. மூவரும் பம்பாயில் அகப்பட்டவர்கள். ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு பிரிவுகளுக்குள் உலகத்தார் எல்லோரையும் அடக்கிவிடலாம் என்று அரை நூற்றாண்டாக மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அந்த மூவரின் ரத்தமும் இந்த நான்கில் எதற்கும் கட்டுப்படவில்லை.

ரத்தப் பிரிவு பார்க்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். சிவப்பணுக்களின் மேல் ‘ஏ’ அல்லது ‘பி’ ஆன்டிஜென் இருக்கிறதா என்பது ஒன்று. அணுக்களை நீக்கிய ரத்த நீரான சீரத்தில் ஏ-க்கோ பி-க்கோ எதிரான ஆன்டிபாடி மிதக்கிறதா என்பது மற்றொன்று. அந்த மூவரின் சிவப்பணுக்களில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அப்படியானால் ‘ஓ’ என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனால் அவர்களுடைய சீரத்தில் ஓ பிரிவு ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சேர்த்தாலும் அவை திரண்டுபோயின. ஓ பிரிவுக்காரரின் சீரம் இன்னொரு ஓ பிரிவுக்காரரின் அணுக்களைத் தாக்குவது ஏ-பி-ஓ கணக்குக்குள் அடங்காத சங்கதி.

இன்னொரு பரிசோதனைக்கூடமாக இருந்தால் ‘குழாய் சரியாகக் கழுவவில்லை’ என்று சொல்லி மறுநாள் மறந்திருப்பார்கள். அந்த ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ஒய்.எம். பேண்டேயும் உடனிருந்த தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோரும் விடவில்லை. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ரத்தப் பிரிவு ஆராய்ச்சியில் பெயர்பெற்றிருந்த ராபர்ட் ரேஸ், ரூத் சாங்கர், வால்டர் மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் நால்வரையும் இதில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டுரைத் தலைப்பில் ‘புதிய’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்த்ததைச் சொன்னார்கள், பார்க்காததைச் சொல்லவில்லை. மருத்துவத்தில் அரிய நோயாளியைப் பற்றி அறிக்கை எழுதுகிறவருக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான் என்பேன்.

சரி, அந்த ரத்தத்தில் என்னதான் குறைவு?

ஏ, பி இரண்டும் உண்மையில் சர்க்கரை மூலக்கூறுகள். சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலி ஒன்றின் நுனியில் முதலில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை வந்து ஒட்டவேண்டும். அப்படி ஒட்டியதற்கு ‘எச்’ ஆன்டிஜென் என்று பெயர். அதற்குப் பிறகு ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் ஏ, இன்னொரு வகை சேர்ந்தால் பி, இரண்டும் சேர்ந்தால் ஏபி. எதுவும் சேராமல் எச் மட்டும் நின்றால் அதுதான் ஓ. சுவரில் ஆணி இருந்தால்தானே சட்டை மாட்ட முடியும்? எச்-தான் அந்த ஆணி. பம்பாய்க்காரர்கள் மூவருக்கும் ஆணியே இல்லை.

உடம்பில் இல்லாத பொருள் உடம்புக்கு அந்நியம். ஆகவே அவர்களுடைய ரத்தத்தில் எச்-க்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே உருவாகிவிடுகிறது. எச் யாரிடம் மிக அதிகம்? ஓ பிரிவுக்காரரிடம். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நாம் பெருமை பேசும் ஓ ரத்தம்தான் இவர்களுக்கு நஞ்சு. ஏற்றினால் புதிய சிவப்பணுக்கள் நாளங்களுக்குள்ளேயே உடையும். காய்ச்சல், முதுகுவலி, கறுத்த சிறுநீர் என்று தொடங்கி சிறுநீரகம் செயலிழப்பது வரைக்கும் போகும். அவர்களுக்குப் பொருந்துவது இன்னொரு பம்பாய் வகை ரத்தம் மட்டும்தான். மற்றபடி அவர்களுக்கு எந்த நோயும் கிடையாது. ரத்தம் ஏற்றவேண்டிய நிலை வராவிட்டால் நூறு வயது வரை வாழ்ந்தும் தாம் யாரென்று தெரியாமலே போகலாம்.

1955இல் அமெரிக்காவில் பிலிப் லெவின் இன்னொரு குடும்பத்தை விவரித்தார். ‘பாம்பே’ என்ற பெயரை நிலைக்கவைத்தவரும் அவரே. அந்தக் குடும்பத்தில் ஓ என்று காட்டிய தாய்க்கு ஏபி குழந்தை பிறந்திருந்தது. பள்ளிப் பாடப்படி நடக்கவே கூடாத காரியம். ஆனால் தாயிடம் பி-க்கான மரபணு நல்ல நிலையில் இருந்தது. எச் இல்லாததால் அது தன் வேலையைக் காட்ட வழியில்லாமல் கிடந்தது. தகப்பனிடமிருந்து எச்-க்கான மரபணு கிடைத்த குழந்தையிடம் அது வெளிப்பட்டுவிட்டது. ரத்தப் பிரிவை வைத்துத் தாயின் ஒழுக்கத்துக்குத் தீர்ப்பு எழுதும் சினிமாக் கதாசிரியர்கள் இந்த ஒரு குடும்பத்தைப் படித்தாலே போதும்.

இந்த வகை இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் வெளிப்படும் என்பதால், மாமன், அத்தை வழியில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. நம் பக்கத்துக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. பழுது எங்கே என்பது 1990களில் தெரிந்தது. எச்-ஐ ஒட்டவைக்கும் நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மரபணு அடியோடு காணாமல் போயிருக்கிறது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவிலும் எச் இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகளை ‘மலபார்’ என்கிறார்கள். பெயர் அப்படியிருந்தாலும் அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து போனவர்கள். அந்த இந்திய வம்சாவளியினரின் மரபணுவைப் பார்த்தபோது பம்பாயில் இருந்த அதே மாற்றம் இருந்தது. அதே தீவின் மலைப்பகுதியில் வாழும் வெள்ளையர்களிடமும் எச் குறைபாடு உண்டு. அவர்களுக்கோ மாற்றம் வேறு இடத்தில். மொழியும் ஊர்ப்பெயரும் மறந்துபோன குடும்பங்களிலும் ஒரு மரபணு எழுத்து மட்டும் கடல் கடந்து வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எச் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊட்டியில் சாலையோரம் மஞ்சள் பூப்பூத்து, முள்ளாக மண்டிக்கிடக்கும் கார்ஸ் என்ற புதரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, இன்று நீலகிரிப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் களைச்செடி. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே தொல்லைதான். அதன் விதையில் உள்ள ஒரு புரதம் எச் ஆன்டிஜெனைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஓ ரத்தத்தில் அதை விட்டால் அணுக்கள் திரளும். பம்பாய் வகையில் அசையாமல் இருக்கும். இதுபோல ஏ பிரிவின் உட்பிரிவுகளைப் பிரித்தறிய உதவுவது எது தெரியுமா? நம் கொள்ளு. கொள்ளுச் சாற்றின் இந்தக் குணத்தை ஜி.டபிள்யூ.ஜி. பேர்டு என்ற ஆய்வாளர் 1951இல் இந்தியாவின் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். அதுவும் சின்னக் குறிப்புதான். அந்தச் சாறு ரத்த வங்கிகளில் இன்றும் புழங்குகிறது.

இனி வருவதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. பம்பாய்க் குறிப்பு வந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இஸ்ரேலில் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு அரபுக் குடும்பங்களில் இரண்டு சிறுவர்கள். இருவருக்கும் வளர்ச்சி குன்றியிருந்தது, அறிவு வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது. நிமோனியா உள்ளிட்ட தொற்றுகள் மாறி மாறி வந்தன. விசித்திரம் என்னவென்றால், ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளமாக இருந்தும் தொற்று வந்த இடத்தில் சீழ் வைக்கவில்லை. சீழ் என்பது கிருமியோடு மோதிச் செத்த வெள்ளையணுக்களின் குவியல். சீழ் இல்லையென்றால் படை புறப்பட்டு வந்துசேரவில்லை என்று பொருள். ரத்தத்தில் அத்தனை பேர் இருந்தும் ஏன் வரவில்லை?

இருவருக்கும் இன்னொரு பொது அடையாளம் இருந்தது: பம்பாய் ரத்த வகை. அரிய குறைபாடு ஒன்று, அரிதிலும் அரிதான ரத்த வகை ஒன்று, இரண்டும் இரு சிறுவர்களிடம் ஒன்றாக வருவது தற்செயலாக இருக்க முடியாது. அமோஸ் எட்ஸியோனியும் மோஷே ஃபிரைட்மனும் மற்றவர்களும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பம்பாய் வகை என்றால் ஃபியூகோஸ் ஒட்டவில்லை. வெள்ளையணுக்களின் மேலும் ஃபியூகோஸ் கொண்ட ஒரு சர்க்கரை இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரைப் பற்றி, உருண்டு, வேகம் குறைந்து, பிறகு சுவரைத் துளைத்து வெளியேற வெள்ளையணுவுக்கு அது தேவை. அதுவும் அந்தச் சிறுவர்களிடம் இல்லை. ஆக, குறை எச்-இல் மட்டும் அல்ல. உடம்பு முழுக்க ஃபியூகோஸ் ஒட்டும் வேலையே நின்றுபோயிருந்தது. 1992இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அதை எழுதினார்கள். வெள்ளையணு ஒட்டுதல் குறைபாட்டின் இரண்டாம் வகை என்று பெயர் விழுந்தது. வெள்ளையணுக்கள் முதலில் அந்தச் சர்க்கரையின் துணையோடுதான் உருளுகின்றன என்று ஆய்வகங்களில் அதுவரை ஊகமாகப் பேசியதற்கு மனித உடம்பிலிருந்தே சான்று கிடைத்தது.

பம்பாயில் மூவரின் ரத்தத்தை யாரும் எழுதி வைக்காமல் போயிருந்தால் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த அந்த ஆய்வாளர்கள் கையில் நுனி நூல் ஏது?

அதோடும் நிற்கவில்லை. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் இதே குறை உள்ள ஒரு குழந்தை வந்தது. ஃபியூகோஸ்தானே சேரவில்லை, வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று தார்ஸ்டன் மார்க்வார்ட்டின் குழு யோசித்தது. கொடுத்தார்கள். தொற்றும் காய்ச்சலும் அடங்கின. வெள்ளையணு எண்ணிக்கை இயல்புக்கு வந்தது. 1999இல் அதை வெளியிட்டார்கள். ஒரே ஒரு குழந்தை. ஆனால் அதே மருந்தை இஸ்ரேலில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பலன் இல்லை. காரணம் 2001இல் விளங்கியது. செல்லுக்குள் ஃபியூகோஸை அதன் வேலைத்தலத்துக்குச் சுமந்துசெல்லும் புரதம்தான் பழுது. அந்தப் பழுது எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. ஒருவருக்குச் சரக்கை அதிகமாக அனுப்பினால் கொஞ்சம் போய்ச் சேர்கிறது, இன்னொருவருக்கு எவ்வளவு அனுப்பினாலும் சேர்வதில்லை.

ஒற்றை நோயாளியைப் பற்றிய அறிக்கையின் வலிமையும் பலவீனமும் இங்கே ஒருசேரத் தெரிகின்றன. மருத்துவச் சான்றுகளை வரிசைப்படுத்துகிறவர்கள் இத்தகைய அறிக்கைகளை அடிமட்டத்தில்தான் வைக்கிறார்கள். நியாயம்தான். ஆயிரம் பேரிடம் சோதித்து, மருந்து கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் ஒப்பிட்டுச் சொல்வதற்கு ஒருவரின் கதை ஈடாகாது. ஆனால் எதைச் சோதிப்பது என்ற கேள்வியே எழாமல் ஆயிரம் பேரைத் திரட்டி என்ன பயன்? பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதைக் கேள்வியாக்க, அந்த ஒருவரைக் கவனித்த மருத்துவர் எழுதித்தான் ஆகவேண்டும்.

கேள்வியாக நிற்கவேண்டியதை விடையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் உதாரணம். 1961 டிசம்பரில் ‘லான்செட்’டுக்கு அவர் எழுதிய சின்னக் கடிதம் உலகப் புகழ்பெற்றது. கர்ப்ப காலத்தில் தாலிடோமைடு மாத்திரை சாப்பிட்ட தாய்மாருக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் பிறக்கின்றன, மற்றவர்களும் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஜெர்மனியில் விடுகுண்ட் லென்ஸும் அதே முடிவுக்கு வந்திருந்தார். அந்த மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே மெக்பிரைட், பின்னாளில் இன்னொரு கர்ப்பகால மருந்தும் தீங்கானது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, முயல்களில் செய்த சோதனையின் எண்களை மாற்றி வெளியிட்டார். உடன் வேலை செய்தவர் அதை அம்பலப்படுத்தினார். 1993இல் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. முதல் தடவை கேட்டார், இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நம் மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய அறிக்கைகள் எழுதப்படாமல் இல்லை. கட்டுரைக் கணக்குக் காட்டவேண்டும் என்பதற்காக, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களில் நிறையவே வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்பவை. இன்னொரு பக்கம், மாவட்ட அரசு மருத்துவமனையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் அசலான விசித்திரங்கள் வந்து சேர்கின்றன. அவருக்கு எழுத நேரமில்லை. நோட்டில் நாலு வரி குறிக்கவும், மாதிரியைச் சரியான ஆய்வகத்துக்கு அனுப்பவும் அவருக்கு ஒரு வழி செய்துகொடுப்பது, புதிய கருவி வாங்குவதைவிடக் குறைந்த செலவில் ஆகிற காரியம்.

வாசகர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்லவேண்டும். ரத்ததான முகாமிலும் சிறு பரிசோதனைக்கூடத்திலும் சிவப்பணுக்களை மட்டும் பார்த்து ‘ஓ’ என்று அட்டை கொடுப்பது சகஜம். அந்த முறையில் பம்பாய் வகை பிடிபடாது. உங்கள் வீட்டில் ஓ பிரிவு என்று எழுதப்பட்ட ஒருவருக்கு, ரத்த வங்கியில் பொருத்தம் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை செய்யும்போது எந்த ஓ ரத்தமும் சேரவில்லை என்று சொன்னால், அவசரத்தில் வேறிடம் ஓடாமல் எச் ஆன்டிஜென் சோதனை செய்யச் சொல்லுங்கள். பம்பாய் வகை என்று உறுதியானால், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே வகை இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்களையும் சோதித்து ரத்த வங்கியில் பெயர் பதிந்துவையுங்கள். நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சையாக இருந்தால், நோயாளியின் சொந்த ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்த ரத்தத்தை ரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியில் ஐந்தாறு வாரங்கள்தான் வைத்திருக்கலாம். நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.